ஒரே தட்டு, இரண்டு வயிறு

ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்துக்குள் வண்டி நுழைய வழி கிடைக்காது. செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் தாண்டும்போதே மினி லாரிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். வேப்பிலை ஆடை உடுத்திப் பவானி அம்மனை வலம் வருகிறவர்கள் ஒரு பக்கம். ஆரணி ஆற்றங்கரையில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைப்பவர்களும் கோழிக்குழம்பு கொதிக்க விடுபவர்களும் இன்னொரு பக்கம். அந்தக் கூட்டத்தின் காலடியில், எந்த அடுப்பு எப்போது இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு நாய்கள் சுற்றும். பூனைகள் கண்ணில் படாது. ராத்திரி பாத்திரம் கழுவப்போகும்போதுதான் அவற்றின் கண்கள் மின்னும்.

ஊத்துக்கோட்டை போகும் சாலையில் கொஞ்சம் தள்ளி என் அத்தை வீடு இருக்கிறது. ஆடியில் அங்கே கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். வந்தவர்கள் குடித்தது போக மிஞ்சியது பழைய அலுமினியத் தட்டு ஒன்றில் திண்ணையோரம் போகும். செவலை நிற நாட்டு நாய் மணி அதை நக்கி நக்கி, தட்டையே முற்றத்தின் அந்தக் கோடி வரை தள்ளிக்கொண்டு போகும். சிமெண்டுத் தரையில் தட்டு உரசும் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். வீட்டுப் பூனை வந்து கூழை ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கருவாட்டுத் தலை விழுந்தால்தான் உட்காரும். “இதுக்கு மட்டும் நாக்கு நாலு முழம்” என்று அத்தை திட்டுவார்.

அந்தப் பூனைக்கு நாக்கு நீளமில்லை. ஒரே தட்டின் முன்னால் வந்து நிற்கும் இந்த இரண்டு உயிர்களும் மனிதனோடு சேர்ந்த கதை வேறு வேறு. அந்தக் கதை அவற்றின் மரபணுவில் எழுதியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு நாயும் பூனையும் எதனால் நோய்ப்படுகின்றன, அதை எப்படி நமக்குச் சொல்கின்றன என்பதில் பாதி புரிந்துவிடும்.

முதலில் கூழ். கேழ்வரகில் பெரும்பங்கு மாவுச்சத்து. அதை உடைத்துச் சர்க்கரையாக்க அமைலேஸ் என்ற நொதி வேண்டும். நமக்கு அது எச்சிலிலேயே ஊறுகிறது. நாயின் எச்சிலில் அது இல்லை என்றே சொல்லலாம். கணையம்தான் சுரக்க வேண்டும். 2013-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாய்களின் மரபணுத் தொகுதியையும் நாய்களின் மரபணுத் தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஓநாயிடம் கணைய அமைலேஸுக்கான மரபணு இரண்டு பிரதி இருந்தது. நாயிடம் நான்கு முதல் முப்பது பிரதி வரை இருந்தது. மனிதன் உழுது, விதைத்து, கஞ்சி காய்ச்சத் தொடங்கிய பிறகு, அவன் வாசலில் எறிந்த மிச்சத்தைச் செரிக்க முடிந்த நாய் பிழைத்தது, குட்டி போட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மரபணு பெருகியது. உழவு பரவாத இடங்களின் நாய்களிடம் இது நடக்கவில்லை. ஆஸ்திரேலிய டிங்கோவிடம் பெரும்பாலும் அந்த இரண்டு பிரதிதான் இருக்கிறது, சைபீரிய ஹஸ்கியிடம் கொஞ்சம்தான் கூடுதல். மணி நக்கும் ஒவ்வொரு வாய்க் கூழிலும் பல ஆயிரம் ஆண்டு விவசாயம் இருக்கிறது.

ஆனாலும் நாய் ஓநாயை முழுதாக மறந்துவிடவில்லை. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தெருநாய்களைப் பின்தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். சோறும் ரொட்டியும் தின்றே வளரும் அந்த நாய்கள், பல வாசனைகள் கலந்து கிடக்கும் குப்பையில் இறைச்சி வாசம் வரும் துண்டைத்தான் முதலில் எடுக்கின்றன என்று கண்டார்கள். வயிறு சோற்றுக்குப் பழகிவிட்டது. மூக்கு இன்னும் காட்டில் இருக்கிறது. அதே குழு 2020-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு என்னை நெகிழ வைத்தது. இரண்டு மூடிய கிண்ணங்களை வைத்து, அவற்றில் ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார்கள். 160 தெருநாய்களில் ஏறக்குறையப் பாதி பயந்து கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் பத்துக்கு எட்டு, சுட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்கவில்லை, யாரும் வளர்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதன் கை நீட்டியதை அவை புரிந்துகொண்டன. நாய் நம்மைப் படிக்கும் அளவுக்கு நாம் நாயைப் படிக்கிறோமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நாயும் நாமும் எவ்வளவு காலமாகப் பழகுகிறோம்? பெரியபாளையத்துக்குத் தென்மேற்கே, பூண்டி ஏரிப் பக்கம், அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர். சாந்தி பப்புவும் அவருடன் அகழ்ந்தவர்களும் அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் காட்டினார்கள். அந்தக் கற்கருவியைப் பிடித்த கைக்குப் பக்கத்தில் நாய் இல்லை. நாய் நம்மிடம் வந்தது நேற்றுத்தான் என்று சொல்லும் அளவுக்குப் பிந்தியது. எலும்பு கொண்டு ஐயமற நாய் என்று சொல்லக்கூடிய மிகப் பழையவற்றுள் ஒன்று, ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் 1914-இல் ஒரு கல்குவாரியில் கிடைத்தது. ஒரு ஆண், ஒரு பெண், அவர்களோடு புதைக்கப்பட்ட ஒரு குட்டி நாய். வயது சுமார் 14,000 ஆண்டு.

அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். இறக்கும்போது அதற்கு ஏழு மாதம் இருக்கும். பல்லின் எனாமலில் விழுந்திருந்த வரிகளைப் பார்த்தால், அது கடும் நோயில் பலமுறை விழுந்து எழுந்திருக்கிறது. இன்று நாம் டிஸ்டெம்பர் என்று பயந்து தடுப்பூசி போடும் அதே வைரஸ் நோயாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கிடக்கும் குட்டியை யாராவது துடைத்து, தண்ணீர் ஊட்டி, சூடாக வைத்திருக்காவிட்டால் அத்தனை வாரம் உயிரோடு இருந்திருக்காது. நோயாளிக் குட்டியால் வேட்டைக்கு ஒரு பயனும் இல்லை. பிறகு ஏன் பார்த்துக்கொண்டார்கள்? நமக்குத் தெரிந்த காரணம்தான். கூழ் காய்ச்சத் தெரியாத காலத்திலேயே, நோயில் கிடந்த நாயின் தலைமாட்டில் மனிதன் உட்கார்ந்திருக்கிறான்.

பூனையின் வருகை வேறு மாதிரி. மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த பாலைநிலக் காட்டுப்பூனை அதன் மூதாதை. மனிதன் தானியம் சேர்த்தான்; தானியத்துக்கு எலி வந்தது; எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு ஒரு முழத் தூரத்தில் ஒரு பூனையைப் படுக்க வைத்திருந்தார்கள். பூனை நம் குதிருக்குத்தான் வந்தது, நம் தட்டுக்கு வரவில்லை. நம் சோற்றைத் தின்று தன்னை மாற்றிக்கொள்ளும் தேவை அதற்கு இருக்கவில்லை. அது இன்றும் முழு மாமிச உண்ணி. வேகவைத்த மாவை ஓரளவு செரிக்கும். அதை மட்டும் நம்பி வாழாது.

இனிப்புக்கு வருவோம். சர்க்கரைப் பொங்கலை நாய் வழித்து நக்கும், பூனை சட்டை செய்யாது. பிலடெல்பியாவின் மோனல் ஆய்வு மையத்தில் 2005-இல் காரணம் கண்டார்கள். இனிப்பை உணரும் நாக்கின் ஏற்பிக்கு இரண்டு மரபணு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பூனைக் குடும்பத்தில் அவற்றில் ஒன்று உடைந்து கிடக்கிறது. 247 எழுத்துகள் நடுவில் உதிர்ந்துபோய்விட்டன. வீட்டுப் பூனைக்கும் இல்லை, புலிக்கும் இல்லை. இனிப்பு என்ற சுவையே அவற்றின் உலகில் கிடையாது.

இதைவிடப் பெரிய செய்தி தயிர்சாதப் பூனைகளைப் பற்றியது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் நிறைய உண்டு, சோற்றிலும் பருப்பிலும் இல்லை. நாம் அதை உடலுக்குள்ளேயே செய்துகொள்கிறோம், பெரும்பாலான நாய்களும் செய்துகொள்ளும். பூனையால் வேண்டிய அளவு செய்ய முடியாது. 1975-இல் ஒரு அமெரிக்க ஆய்வகத்தில் பாலிலிருந்து பிரித்த கேசீன் புரதத்தையே உணவாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்து பார்வை போனது. காரணம் டாரின் குறைவு. 1987-இல் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர், இதயம் வீங்கித் தளர்ந்த பூனைகளின் இரத்தத்திலும் டாரின் குறைந்திருப்பதைக் கண்டு, அதைக் கொடுத்து இதயத்தையே மீட்டெடுத்தார். உலகெங்கும் பூனைத் தீவனம் செய்பவர்கள் டாரின் அளவைக் கூட்டியது அதற்குப் பிறகுதான். சைவ வீட்டில் பூனை வளர்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டுப் பூனைகள் பல எலியும் பல்லியும் பிடித்துத் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்கின்றன. ஆனால் நாலாவது மாடிக் குடியிருப்பில் கதவு சாத்தி, தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கும் பூனையை நினைத்தால் மனம் பதறுகிறது. அதற்குத் திருடக்கூட வழியில்லை. நல்ல பூனைத் தீவனமாவது கொடுங்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது.

பூனையிடம் இன்னொரு மரபணுவும் உடைந்திருக்கிறது. அது கல்லீரலில் வேலை செய்ய வேண்டியது. செடி கொடிகளில் இருக்கும் சில நச்சுகளையும் பல மருந்துகளையும் செயலிழக்கச் செய்து சிறுநீரில் அனுப்புவது அதன் பணி. செடியே தின்னாத குலத்துக்கு அது தேவைப்படவில்லை போலும். இதன் விலை, நம் வீட்டு மருந்துப் பெட்டியில் காத்திருக்கிறது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும், மூச்சு திணறும். குழந்தைக்குக் கொடுப்பதுதானே, பாதி கொடுத்தால் என்ன என்று அன்பாக ஊட்டுகிறவர்கள்தான் இதைச் செய்துவிடுகிறார்கள். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அப்படித்தான். நாய்க்கு மருந்து, பூனைக்கு வலிப்பு. மருந்து விட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தால்கூட ஆபத்து.

நாயும் பூனையும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு, அது வெங்காயம். கூழுக்குச் சின்ன வெங்காயம் இல்லாமல் முடியாது. பச்சையோ வெந்ததோ, வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் இந்த இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைத்துவிடும். பூனைக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 5 கிராமே கெடுதல் செய்யும். நாய் இன்னும் கொஞ்சம் தாங்கும். விளைவு அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்துச் சிறுநீர் கருத்து, ஈறு வெளிறும்போது, போன ஞாயிறு வழித்துப் போட்ட குழம்பு யாருக்கும் நினைவில் இருக்காது.

தண்ணீருக்கு வருகிறேன். பூனை தண்ணீர் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நாக்கின் நுனி நீரை மெல்லத் தொட்டு மேலே சுழல்கிறது; நீர் ஒரு மெல்லிய தூணாக அதனோடு எழுகிறது; தூண் சரிந்து விழுவதற்குள் வாய் மூடிக்கொள்கிறது. நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை. அமெரிக்காவில் நான்கு அறிவியலாளர்கள் வேகப் படக்கருவி வைத்து 2010-இல் இதை அளந்தார்கள். இத்தனை அழகாகக் குடிக்கும் பூனை, குடிப்பது மிகக் கொஞ்சம். பாலைநிலத்து மூதாதை, தின்ற எலியின் உடலில் இருக்கும் ஈரத்திலேயே வாழ்ந்தது. அதனால் தாகம் மந்தம், சிறுநீர் கெட்டி. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொள்ளும். மண் தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டார் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். ஒரு சொட்டும் வராமல் முக்குகிற ஆண் பூனைக்கு நாளைக்கு என்று ஒன்று இல்லை. அன்றே, ராத்திரியானாலும், மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும்.

நாயின் நெருக்கடி சித்திரை வைகாசியில் வரும். கத்திரி வெயிலில் மணி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைச் சின்ன வயதில் சோம்பல் என்று நினைத்திருக்கிறேன். அது ஒரு அபாரமான இயந்திரம். நாய்க்கு வியர்வை பாதத் திண்டில் மட்டும்தான் சுரக்கிறது. உடலைக் குளிர்விக்க அது மூக்கையும் நாக்கையும் நம்ப வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடும் நாய், இரைக்கத் தொடங்கினால் ஒரே தாவலில் 300-க்குப் போகும். நடுவில் நிற்பதில்லை. ஏன் அந்த 300? ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ற நேரத்தில் தட்டினால் விரலால் தட்டினாலே போதும், உயரம் போகும். அதுபோல நாயின் மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இயல்பான ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வேகம் கிட்டத்தட்ட நொடிக்கு ஐந்து முறை. அந்த வேகத்தில் இரைத்தால் தசைக்கு உழைப்பு மிகக் குறைவு. இல்லாவிட்டால் குளிர்வதற்கு உழைத்தே நாய் சூடேறிவிடும். 1962-இல் இதை அளந்து காட்டினார்கள். காற்று பெரும்பாலும் மூக்கு வழியாக உள்ளே போய் வாய் வழியாக வெளியே வருகிறது. மூக்கின் உட்பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. வெயில் ஏற ஏற அது நீரைச் சுரந்து மூக்கின் உள்சுவரை நனைத்துக்கொண்டே இருக்கிறது. நாம் முதுகில் வியர்ப்பதை அது மூக்குக்குள் வியர்க்கிறது.

இந்த இயந்திரத்துக்குப் பெரிய எதிரி காற்றின் ஈரம். கும்மிடிப்பூண்டியும் பழவேற்காடும் கடலோரம். காற்றிலேயே நீர் நிறைந்திருக்கும் நாளில் நாக்கின் ஈரம் எங்கே ஆவியாகும்? தகரக் கூரை, கான்கிரீட் தளம், நிழலில்லாத தொழிற்சாலை வாசல் என்று காவலுக்குக் கட்டிப்போட்ட நாய், மூச்சை வீணாக்கிக்கொண்டு சூடேறும். சப்பை மூக்குப் பக் நாய்க்கு இரைக்கும் இடமே சுருங்கிப்போயிருக்கிறது. பனி நாட்டு ஹஸ்கியை இந்த மண்ணில் விற்கிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தொட்டால் நமக்குச் சுடத்தான் செய்யும், அது காய்ச்சல் இல்லை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். தள்ளாடி, எச்சில் கெட்டியாக வழிய நிற்கும் நாயை நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது; அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கொஞ்சம் குளிர்ந்த பிறகு மருத்துவரிடம் போகலாம்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ‘வாயில்லா ஜீவன்’ என்பது நம் வழக்கு. பூனைக்கு அது கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் அது மறைக்கிறது. தனியே வேட்டையாடும் சின்ன உருவம். தளர்ந்ததைக் காட்டினால் தன்னைவிடப் பெரியது கவ்விக்கொள்ளும். அதனால் நோயுற்ற பூனை கத்தாது. பீரோவுக்குப் பின்னால் போய் உட்காரும். நாலு நாள் முன்பு வரை தாவி ஏறிய மதில் சுவருக்கு முன்னால் நின்று யோசிக்கும். முதுகு மயிரை நக்காமல் விட்டுச் சிக்காகும். குறுகுறுவென்று அது எழுப்பும் ஒலி சந்தோஷத்துக்கு மட்டும் உரியது என்று நம்பக் கூடாது. குட்டி போடும்போதும், அடிபட்டுக் கிடக்கும்போதும் பூனை குறுகுறுக்கும். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பூனை முகத்தில் வலியைப் படிக்க ஒரு முறை வகுத்தார்கள். காது பக்கவாட்டில் விரிந்து தாழ்வது, கண் இடுங்குவது, மூக்கு வாய்ப் பகுதி இறுகுவது, மீசை விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது. இந்த ஐந்தையும் உற்றுப் பார்த்து மருத்துவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள்.

அத்தைக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. அவருக்குத் தட்டு தெரியும்.

போன மார்கழியில் போன் செய்தார். “மணி மூணு வேளையா தட்டத் தொடல. மோந்து பாத்துட்டுப் போயிடுது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி எழுந்து வந்தது, வாலாட்டியது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். நாட்டு நாய்களுக்கு ஈறு பெரும்பாலும் கருப்பு, நிறம் தெரியாது. கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணிகள். அடிவயிற்றில் குத்தியதுபோல் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

உண்ணிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வது இதைத்தான். பழுப்பு நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற நுண்கிருமி இரத்தத்தில் இறங்குகிறது. நோயோடு சண்டையிட வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே அது குடியேறிப் பெருகுகிறது. தட்டணுக்கள் அழிகின்றன; இரத்தம் உறையாமல் தோலுக்கு அடியில் கசிகிறது, சில நாய்களுக்கு மூக்கில் ஒழுகுகிறது. மருத்துவர் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தேய்த்து, நிறமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். எல்லா நாய்க்கும் இது கண்ணில் படுவதில்லை. அன்று எங்களுக்குப் பட்டது. வெள்ளணுவின் உள்ளே ஊதா நிறத்தில் ஒரு கொத்து, முசுக்கட்டைப் பழம் மாதிரி. கிருமிக் கூட்டத்துக்குப் பெயரே அந்தப் பழத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான், மொருலா. டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். இரண்டாம் வாரமே நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து திண்ணைச் சுவரின் வெடிப்புகளைப் பார்த்தோம். இந்த உண்ணி நாய் மேலேயே வாழ்வதில்லை. குடித்து முடித்ததும் இறங்கிச் சுவரில் ஏறி, வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த தலைமுறை சுவரிலிருந்து இறங்கி வரும். அத்தை மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தார். நாயின் தோலில் அது படக் கூடாது என்று தடுத்து, சாந்து குழைத்து வெடிப்புகளை அடைத்தோம். பூனை வைக்கோல் போரின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காகவே மருத்துவரிடம் கேட்டு, பூனை இருக்கும் வீட்டுக்கு ஏற்ற உண்ணி மருந்தாக வாங்கி வந்திருந்தோம்.

நான் ஊர் திரும்பிய ஆறாம் நாள் விடியற்காலை போன் அடித்தது. எடுத்தேன். அத்தை பேசவில்லை. போனை எங்கோ தாழ்வாகப் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தது. முதலில் காகம் கரைவது மட்டும் கேட்டது. பிறகு சிமெண்டுத் தரையில் அலுமினியத் தட்டு கரகரவென்று உரசி உரசி, முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போகும் சத்தம்.

“கேக்குதா?” என்றார் அத்தை.